தாய்ப்பாலும் தேநீரும்: மலையகக் குழந்தைப் பானங்களின் வரலாறு

மக்கட்பேற்றின் சிறப்பைக் கூறவந்த வள்ளுவர், குழந்தையின் சிறுகை அளாவிய கூழை அமிழ்தினும் இனியதென்றார். அவ்வின்பம் தாய் குழந்தையின் அருகிலிருக்கும் இல்லத்துக்கே உரியது. இலங்கையின் மத்திய மலைநாட்டில், ஹற்றன், நுவரெலியா முதலிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களிலோ, தாய் ஓரிடத்தும் குழந்தை பிறிதோரிடத்தும் பகற்பொழுதைக் கழிப்பது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கமாகும். அப்பொழுதில் பாலுக்குப் பதிலாகக் குழந்தைக்குப் புகட்டப்பட்டவை யாவை? வினா சிறிதாயினும், மலையக மக்களின் வாழ்க்கை வரலாற்றிற் பெரும்பகுதி இதனுள் அடங்கியுள்ளது.

1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் என்பார் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார். 1869 இல் தோன்றிய இலைநோய் பின்னர்க் காப்பிப் பயிரை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை கவர்ந்தது. காப்பி பருவப்பயிர், பழம் பறிக்கும் காலத்துக்கு வந்தோரிற் பலர் பின்னர்த் தமிழகம் மீள்வர். தேயிலையோ ஆண்டு முழுதும் கொழுந்து தருவது. கிழமைக்கொரு முறையேனும், பத்து நாட்களுக்கொரு முறையேனும் ஒவ்வொரு செடியிலும் கொழுந்து எடுத்தல் வேண்டும். ஆகவே குடும்பங்கள் லயங்களில் நிலையாகத் தங்கலாயின. கொழுந்தெடுக்கும் பணி பெரும்பாலும் பெண்களுக்குரியதாயிற்று. விடிந்ததும் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டிய தாய், கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் விட்டு மலை ஏறினாள். இடையில் இறங்கிவந்து பாலூட்டினால், கூடையின் நிறை குறையும். நிறை குறைந்தால் கூலியும் குறையும்.

அரசு இதனை முற்றாகக் கவனியாதிருந்ததன்று. 1912 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், பிள்ளை பெற்ற தொழிலாளிக்கு ஒரு மாதத்துக்கு உணவும் உறையுளும் அளித்தல் வேண்டுமென்று தோட்ட நிருவாகத்தைப் பணித்தது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தக்க பராமரிப்பும் போசணையும் கிடைத்தல் வேண்டுமெனவும் விதித்தது. 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் பேற்றுக்கால உதவிப் பணத்துக்கு வழிசெய்தது. எனினும், ஒரு மாதக் குழந்தையின் தாய் மலைக்குச் சென்றபின் அக்குழந்தைக்குத் தக்க போசணை யாது என்பதற்கு ஆயாவின் அடுப்பே விடை கூற வேண்டியதாயிற்று.

அவ்வடுப்பிலிருந்து வந்த பானங்கள் பல. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து மக்கள் கொணர்ந்த மரபுகள் முதலாவன. அரிசிக் கஞ்சியின் தெளிவு, சீனி கரைத்த நீர், கொத்தமல்லி அவித்த நீர், வயிற்றுப் பொருமலுக்கு ஓமநீர் என்பன அவை. வசம்பைச் சுட்டு உரைத்து நாவில் தடவுவதும் உண்டு. அதற்குப் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்னும் பெயரே வழங்கிற்று. கடைவழியே வந்தவை இரண்டாம் வகை. 1851 இல் இங்கிலாந்தின் நொட்டிங்காம் நகரில் வில்லியம் வூட்வேட் என்பார் ஆக்கிய ‘கிறைப் வாட்டர்’ அவற்றுள் ஒன்று. அதில் நெடுங்காலம் மதுசாரமும் கலந்திருந்தது. தென்னை செழிக்காத குளிர்ந்த உயர்மலையில் இளநீர் எளிதிற் கிடைக்கும் பொருளன்று. எங்கும் எக்காலத்தும் கிடைத்தது பால் கலவாத தேநீர். தோட்டத்து வழக்கில் தேத்தண்ணி.

தேத்தண்ணியைப் பற்றி நடுநின்று கூறுமிடத்து, அதற்கு ஒரு நன்மை இருந்தது. அது கொதித்த நீரால் ஆயது. பீலியிலிருந்து பிடித்த பச்சைத் தண்ணீரைப் பார்க்கிலும் அது நோய்க்கிருமி குறைந்ததே. ஆயினும் அதன் தீமை மெல்ல வேலை செய்வது. தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்காவண்ணம் தடுக்கும். கொழுக்கிப்புழு நோயால் இரத்தங்குன்றிய தாய்மார் தோட்டங்களிற் பலராவர். 1916 இல் றொக்பெல்லர் நிறுவனத்தார் இந்நாட்டில் அந்நோயொழிப்புப் பணியைத் தோட்டங்களிலேயே தொடங்கினர் என்பது அதன் பரப்பைக் காட்டும். இரத்தங்குன்றிய தாயின் வயிற்றில் பிறந்து, இரும்புச் சேமிப்புக் குறைந்த குழந்தைக்கே அத்தேநீர் புகட்டப்பட்டது. சீனியிட்ட தேநீரால் வயிறு நிரம்பிய குழந்தை அழுகையை நிறுத்தும். மாலையில் தாய் வரும்போது போதிய பாலையும் குடியாது. குடிப்பது குறைந்தால் தாய்க்குச் சுரப்பதும் குறையும்.

டின்பாலின் கதை இதனினும் துன்பமானது. 1856 இல் அமெரிக்கரான கெயில் போடன் என்பார் கட்டிப்பால் ஆக்கும் முறைக்கு உரிமை பெற்றார். அதன் நிறையில் ஐந்தில் இருபங்குக்கு மேல் சீனி. விலை கொடுத்து வாங்கிய பேணியைப் பல நாட்களுக்கு நீட்ட வேண்டிய ஏழைத் தாய் அதில் நீரை மிகுத்தாள். நன்கு கழுவப்படாத சூப்பிப் போத்தல் கிருமிகளுக்கு உறைவிடமாயிற்று. தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினராய் வாழ்ந்த மலாயாவில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார், 1939 இல் சிங்கப்பூர் றொட்டறிக் கழகத்தில் ‘பாலும் கொலையும்’ என்னும் பொருள்படும் தலைப்பில் உரையாற்றி, கட்டிப்பாலைக் குழந்தைகளுக்குத் தகுந்ததெனப் பரப்புவோரைக் கடுமையாகக் கண்டித்தார். உலகம் அக்குரலை ஏற்க நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1981 மே மாதத்திலேதான் உலக சுகாதாரப் பேரவை தாய்ப்பாற் பதிலிகளின் விற்பனை பற்றிய விதிக்கோவையை ஏற்றது.

வயிற்றோட்டமே இப்பானங்களின் பின்வந்த கூற்றுவன். நோயுற்ற பிள்ளைக்கு நீர் கொடுத்தால் நோய் மிகும் என்று அஞ்சிப் பானத்தை அடியோடு நிறுத்தியவர்களும் உண்டு. 1971 இல் வங்காள அகதி முகாம்களில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ், உப்பும் குளுக்கோசும் அளவாய்க் கரைத்த நீரைப் பருகக் கொடுத்தே பல உயிர்களைக் காத்தார். இலங்கையில் இத்தகைய கரைசல் ‘ஜீவனி’ என்னும் பெயரால் அறிமுகமாயிற்று. உப்பிட்ட கஞ்சித் தெளிவை நோயாளிக்குக் கொடுத்த பாட்டியரின் வழக்கம் இவ்வுண்மைக்கு அணித்தாய் நின்றது என்பதும் கருதத்தக்கது.

இலங்கையில் 1946 இல் ஆயிரம் பிறப்புக்கு 141 ஆயிருந்த குழந்தை இறப்பு, 1947 இல் 101 ஆகக் குறைந்தது. இவ்வீழ்ச்சியின் முழுப்பயன் தோட்டங்களை எட்டவில்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களின் மருத்துவம் அரச சேவைக்கு வெளியே, தோட்ட நிருவாகங்களின் பொறுப்பிலேயே பெரும்பாலும் விடப்பட்டிருந்தது. 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டப்பகுதி இறப்புக்கள் மீண்டும் கூடின. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே, அரச மருத்துவ சேவையும் குடும்பநல மருத்துவமாதரும் படிப்படியாக லயங்களை அணுகினர்.

இன்றைய மருத்துவம் இவ்வினாவுக்குத் தரும் விடை தெளிவானது. 2001 இல் உலக சுகாதாரப் பேரவை வற்புறுத்தியவாறு, முதல் ஆறு மாதம் தாய்ப்பாலன்றி வேறெதுவும் வேண்டா, தண்ணீரும் வேண்டா. தாய்ப்பாலின் பெரும்பகுதி நீரே. அதன்பின் மசித்த உணவோடு, கொதித்தாறிய நீரைச் சிறிது சிறிதாகக் கிண்ணத்திற் கொடுக்கலாம். தேநீர் குழந்தைக்குரியதன்று, ஒரு வயது நிறையும்வரை தேனும் பழச்சாறும் தவிர்க்கத்தக்கன. வயிற்றோட்டம் கண்டால் ஜீவனிக் கரைசல் மருத்துவர் கூறும் அளவில் உதவும். அப்போதும் தாய்ப்பாலை நிறுத்தலாகாது.

ஆயின் அறிவுரை மட்டும் குழந்தையின் பசியைத் தீர்க்குமோ? ஆறு மாதம் தாய்ப்பாலையே கொடுக்கவேண்டுமெனில் ஆறு மாதமும் தாய் குழந்தைக்கு அணித்தாயிருத்தல் வேண்டும். மகப்பேற்று விடுமுறை ஊதியத்தோடு 84 நாட்களாக உயர்ந்தது. 2019 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அதனை எத்தனையாவது குழந்தைக்கும் உரியதாக்கிற்று. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையுடைய தாய்க்கு வேலைநாளில் இருமுறை பாலூட்டும் இடைவேளையும் சட்டத்தில் உண்டு. தொலைமலையிற் கொழுந்தெடுப்பவள் பிள்ளைக்காம்பராவுக்கு இறங்கி மீள்வதற்குள் அவ்விடைவேளையிற் பெரும்பங்கு வழியிலேயே கழிந்துவிடும்.

ஆதலின் மலையகத் தாயை அறியாமையின் பொருட்டுப் பழிப்பது வரலாற்றுக்கு ஒவ்வாது. அவள் தேத்தண்ணியைத் தெரிந்தெடுத்தவளல்லள். தன் பாலைக் கொடுக்கும் நேரத்தை விற்கவேண்டியிருந்தவள். சூப்பிப் போத்தலில் நிறைந்திருந்தது எதுவாயினும், அது தாய் இல்லாத நேரத்தின் அளவேயாகும். அந்நேரத்தை அவளுக்கு மீட்டுக் கொடுப்பதே குழந்தைக்குத் தக்க பானத்தைக் கொடுப்பதற்கு முதல் வழி.