ரத்தப் புற்றுநோய் நோயாளிகளுக்கு சாதாரண வைரஸும் ஏன் ஆபத்து? வீட்டில் உள்ளவர்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை

வீட்டில் பிள்ளைக்கு அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகிவிட்டு, பத்து நாளில் இறங்கிடும் என்று இருப்பது வழக்கம். அதே வீட்டில் ரத்தப் புற்றுநோய்க்கு சிகிச்சை எடுக்கும் ஒருவர் இருந்தால் கணக்கே மாறிவிடும். அவருக்கு அந்த அம்மை நுரையீரல் வரை போகலாம்.

என்ன காரணம்?

லுகேமியா, லிம்போமா, மைலோமா மூன்றுமே நோய் எதிர்ப்பு சக்தி தரும் வெள்ளை அணுக்களையும் அவை உருவாகும் எலும்பு மஜ்ஜையையும் பாதிப்பவை. கிருமியை எதிர்க்கும் படையே பழுதாகி நிற்க, அதற்கு மேல் கீமோ, ஸ்டீராய்டு வேறு. ரிப்போர்ட்டில் அணுக்களின் எண்ணிக்கை நார்மல் என்று வந்தாலும் அவை சரியாக வேலை செய்கின்றன என்று அர்த்தம் இல்லை. சிகிச்சை முடிந்தும் பல மாதங்கள் இந்தக் குறை நீடிக்கலாம்.

உள்ளேயே தூங்கும் வைரஸ்

சின்ன வயதில் வந்துபோன சின்னம்மை வைரஸ் நரம்புகளில் ஆயுள் முழுக்கத் தங்கியிருக்கும். எதிர்ப்பு சக்தி குறைந்ததும் அதுதான் அக்கியாக வெளியே வருகிறது. ஊர்ப்பக்கம் இன்னும் அக்கி எழுதப் போகிறார்கள். ஆனால் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். இவர்களுக்கு அந்த நேரத்தை வீணாக்கவே கூடாது.

ஹெபடைடிஸ் பி இன்னும் மோசம். லிம்போமாவுக்குத் தரப்படும் ரிட்டுக்சிமாப் மருந்து, அடங்கிக் கிடந்த இந்த வைரஸை எழுப்பி கல்லீரலைச் செயலிழக்க வைக்கலாம் என அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2013-ல் எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. சிகிச்சைக்கு முன்பே ஒரு ரத்தப் பரிசோதனையில் இதைக் கண்டுபிடித்துவிடலாம். எடுத்தாச்சா என்று டாக்டரிடம் கேட்பதில் தப்பில்லை.

தடுப்பூசி யாருக்கு?

அம்மை தடுப்பூசி போன்ற உயிருள்ள கிருமி கொண்டவை சிகிச்சையில் இருப்பவருக்குப் போடக் கூடாது. ஃப்ளூ ஊசி போடலாம், ஆனால் பலன் குறைவாக இருக்கும். அதனால்தான் வீட்டில் மற்றவர்கள் போட்டுக்கொள்வது முக்கியம். ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: போலியோ சொட்டு மருந்து குடித்த குழந்தையின் மலத்தில் சில வாரங்கள் அந்தக் கிருமி வெளியேறும். குழந்தைக்கு ஊசி வடிவப் போலியோ மருந்து போடலாமா என முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவிட வேண்டும். சொட்டு மருந்தைத் தாமாக நிறுத்துவது தீர்வல்ல.

காய்ச்சல் வந்தால்?

100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலே அவசரம்தான். 'ஒரு பாராசிட்டமால் போட்டு காலையில பார்த்துக்கலாம்' என்பதுதான் பலர் செய்யும் தப்பு. மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும், தொற்று உள்ளே வளரும். நடுராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போய், 'கீமோ எடுக்கிறவர்' என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும்.