ஐ.பி. முகவரி மோதல்: அலுவலக சர்வர்களில் அதன் காரணமும் பரிகாரமும்

ஒரே வலையமைப்பில் இணைந்துள்ள இரண்டு சாதனங்கள் ஏககாலத்தில் ஒரே ஐ.பி. முகவரிக்கு உரிமை கொண்டாடுவதால் விளையும் கோளாறு ஐ.பி. முகவரி மோதல் எனப்படும். பராமரிப்புத் தொழிலிலுள்ளோர் இதனை ‘ஐ.பி. கான்ஃப்ளிக்ட்’ என்றே வழங்குவர். இரண்டு மேசைக் கணினிகளுக்கிடையே நேருமாயின் ஓரிருவரது வேலையோடு அடங்கிவிடும் இத்தொல்லை, கணக்குகளையும் கோப்புகளையும் ஒருங்கே தாங்கிநிற்கும் சர்வரைப் பற்றும்பொழுது அலுவலகம் முழுவதையும் ஸ்தம்பிக்கச் செய்துவிடுகிறது.

தோற்றுவாய்

இணைய வழிமுறையின் நான்காம் பதிப்பு, ஜான் போஸ்டலைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1981 செப்டம்பரில் வரையறுக்கப்பட்டபோது, ஒவ்வொரு முகவரியும் 32 பிட் உடையதாக அமைந்தமையால், உலகம் முழுமைக்கும் கிடைக்கக்கூடிய முகவரிகள் ஏறத்தாழ 429 கோடிக்குள் அடங்கிவிட்டன. அவை போதா என்பது தெளிவாகவே, 10 என்றும், 172.16 முதல் 172.31 வரை என்றும், 192.168 என்றும் தொடங்கும் மூன்று தொகுதிகள் நிறுவனங்களின் உள்வழக்குக்கு உரியவை என்பதை 1996 பிப்ரவரியில் வெளியான வரையறை உறுதிசெய்தது. வெளியுலக முகவரிகளை ஆசிய பசிபிக் வட்டாரத்தில் ஏப்னிக் அமைப்பும், இந்தியாவில் ஐரின் அமைப்பும் பதிவுசெய்து வழங்குகின்றன. உள்முகவரிகளுக்கோ அத்தகைய அதிகாரி எவரும் இலர். அவற்றைப் பங்கிட்டுக் கண்காணிக்கும் பொறுப்பு அந்தந்த அலுவலகத்தையே சார்ந்தது.

மதுரை வட்டாரத்தில்

மதுரைச் சமவெளி, கணினி வலையமைப்புகளின் வரலாற்றில் புறக்கணிக்கத்தக்க இடமன்று. மேலூர் வட்டத்துக் கிராமங்களில் 2001ஆம் ஆண்டு தொடங்கிய ‘சாரி’ திட்டம், சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான கார்டெக்ட் என்னும் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தின் துணைகொண்டு இணைய மையங்களை நிறுவியது. 1976இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி தோற்றுவித்த அரவிந்த் கண் மருத்துவமனையின் தேனிக் கிளை, பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களது ஒத்துழைப்போடு, நெடுந்தூர வைஃபை இணைப்புகளால் கிராமப் பார்வை மையங்களோடு பிணைக்கப்பட்டது. இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் எல்காட் நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் அமைந்துள்ளன.

பெருநிறுவனங்களில் வலையமைப்பைப் பேணுவதற்கென்றே பிரத்தியேக ஊழியர்கள் உளர். கீழமாசி வீதியின் மொத்த வியாபாரக் கடைகள், ஆடிட்டர் அலுவலகங்கள், தனியார் மருத்துவமனைகள், திருமங்கலம், உசிலம்பட்டி போன்ற ஊர்களின் அரிசி ஆலைகள் ஆகியவற்றின் நிலை பெரும்பாலும் வேறு. மோடத்தைப் பொருத்தியவர் ஒருவர், கண்காணிப்புக் கேமராவை அமைத்தவர் மற்றொருவர், டாலி மென்பொருளுக்கான சர்வரை நிறுவியவர் வேறொருவர் என்றிருக்க, ஒருவர் வழங்கிய எண்ணை மற்றவர் அறியாதிருப்பதே மோதலுக்கு அடிப்படையாகிறது.

மோதல் நிகழும் விதம்

ஒரு கணினி மற்றொன்றோடு பேச விழையும்போது, ‘இந்த ஐ.பி. முகவரிக்குரியவர் யார்?’ என்னும் வினாவை வலையமைப்பு முழுவதற்கும் விடுக்கிறது. உரிய சாதனம், தன் வன்பொருளுக்குத் தயாரிப்பாளர் இட்ட 48 பிட் நீளமுள்ள மேக் முகவரியை விடையாக அளிக்கிறது. டேவிட் பிளம்மர் 1982 நவம்பரில் வரையறுத்த ஏ.ஆர்.பி. என்னும் இம்முறையில், விடை கூறுவோரது உரிமையைச் சோதிப்பதற்கு வழியில்லை. ஆகவே இருவர் விடையளிப்பின், ஒவ்வொரு கணினியும் தன் நினைவில் எவ்விடையைக் குறித்துக்கொண்டதோ அதன் வழியே செல்கிறது. சிலருக்கு சர்வர் கிட்டுவதும், சிலருக்குக் கிட்டாமற்போவதும், சற்றுமுன் திறந்த கோப்பு திடீரென மூடிக்கொள்வதும் இதனாலேயே.

முக்கிய காரணங்கள்

கையால் வழங்கிய நிலையான முகவரி, தானாக முகவரி வழங்கும் டி.எச்.சி.பி.யின் வழங்கல் எல்லைக்குள் அமைந்துவிடுவது முதற்காரணம். ஆலையிலிருந்து வரும்போதே சாதனங்களில் பதிந்துள்ள எண்களை மாற்றாது விடுவது இரண்டாவது: இசட்.கே.டெகோ விரல்ரேகை வருகைப்பதிவுக் கருவிகள் 192.168.1.201 என்னும் முகவரியோடும், ஹிக்விஷன் கேமராக்கள் 192.168.1.64 என்னும் முகவரியோடும் வருவது பெருவழக்கு. வைஃபைக்கென வாங்கிய புதிய ரவுட்டரை அதன் டி.எச்.சி.பி. வசதியை நிறுத்தாமல் இணைப்பதால், ஒரே அலுவலகத்தில் முகவரி வழங்குவோர் இருவராகிவிடுவது மூன்றாவது. மெய்நிகர் சர்வரை நகலெடுத்து, முகவரியை மாற்றாமல் இயக்குவது நான்காவது.

மின்தடை இவையனைத்தையும் வெளிக்கொணர்கிறது. மின்சாரம் மீண்டவுடன் கேமராவும் ரவுட்டரும் சர்வரினும் விரைவாக எழுகின்றன. வழங்கிய முகவரிகளின் பட்டியலை மறந்துவிடும் சிறு ரவுட்டர்கள் அவற்றைப் புதிதாகப் பங்கிடத் தொடங்குகின்றன. பிந்தி எழும் விண்டோஸ் சர்வர், தன் முகவரி பிறர்வசமிருப்பதைக் கண்டால், அதனைக் கைவிட்டு 169.254 எனத் தொடங்கும் தற்காலிக முகவரியை ஏற்றுக்கொள்கிறது.

கண்டறியும் முறை

விண்டோஸ் சர்வரின் நிகழ்வுப் பதிவேட்டில் 4199 என்னும் எண்ணுடைய குறிப்பு காணப்படின் மோதல் உறுதி. எதிரிச் சாதனத்தின் மேக் முகவரியும் அக்குறிப்பிலேயே இருக்கும். குறிப்பு இல்லையெனில், சர்வரின் கேபிளைச் சற்றுநேரம் கழற்றிவிட்டு, வேறொரு கணினியிலிருந்து அதே முகவரிக்குப் பிங் கட்டளையை அனுப்புதல் வேண்டும். இல்லாத சர்வரின் பெயரால் விடை வருமாயின் அம்முகவரியைக் கைக்கொண்டிருப்பது பிறிதொரு சாதனமே. பிங்குக்கு விடையளிக்காத சாதனங்களும் உண்டாதலின், ஏ.ஆர்.பி. அட்டவணையையும் பார்த்தல் அவசியம். லினக்ஸில் ஆர்பிங் கட்டளை இப்பரீட்சைக்கு உதவும்.

மேக் முகவரியின் முற்பாதியாகிய 24 பிட்டுகள் தயாரிப்பாளரைச் சுட்டுவதால், தேடப்படுவது கேமராவா, பிரிண்டரா என்பதை ஊகித்தல் எளிது. நிர்வாக வசதியுள்ள ஸ்விட்சாயின், அதன் அட்டவணை எந்தத் துளையில் அச்சாதனம் இணைந்துள்ளது என்பதைக் காட்டும். அவ்வசதி இல்லாதவிடத்து, கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பிங் விடை நிற்கும் இடத்தைக் காண்பதே நம்பகமான வழி.

பரிகாரமும் தடுப்பும்

சர்வரின் முகவரியை மாற்றுதல் பொதுவாகப் பரிகாரமாகாது. அதனை நம்பியுள்ள கணினிகள் அனைத்தையும் மாற்ற நேரும். பிந்தி வந்த சாதனத்துக்கே வேறு முகவரி வழங்கி, மற்றக் கணினிகளின் ஏ.ஆர்.பி. நினைவை அழித்தால் பெரும்பாலும் நிலைமை சீராகும். அதன்பின், சர்வர்களுக்கும் கேமராக்களுக்கும் பிரிண்டர்களுக்கும் தனித்தனி எல்லை வகுத்து, அவ்வெல்லைகளை டி.எச்.சி.பி. வழங்கலினின்று நீக்கிவிடுதல் வேண்டும். அனுமதியற்ற ரவுட்டர் முகவரி வழங்குவதை ஸ்விட்சின் ‘டி.எச்.சி.பி. ஸ்நூப்பிங்’ வசதி தடுக்கும். முகவரியை ஏற்குமுன் அது பிறர்வசமுள்ளதா என மூன்றுமுறை வினவிப் பார்க்கும் நெறியை, ஸ்டுவர்ட் செஷயர் எழுதிய 2008ஆம் ஆண்டு வரையறை வகுத்துள்ளது. பழைய கருவிகள் பலவும் அதனைக் கடைப்பிடிப்பதில்லை.

தலைமை அலுவலகம் மதுரையிலும் கிளை திண்டுக்கல்லிலுமாக இருக்க, இரண்டும் 192.168.1 என்னும் ஒரே தொகுதியைக் கையாண்டு வி.பி.என். வழியே இணைய முற்படும்போதும் முகவரிகள் மோதும். கிளைதோறும் வெவ்வேறு தொகுதி வகுத்தல் தொடக்கத்திலேயே செய்யத்தக்கது.

இவையனைத்தினும் மேலானது பதிவேடு. ஒரே நிலத்துக்கு இருவர் பட்டா காட்டும் வழக்கில் கிராமத்தின் ‘அ’ பதிவேடு தீர்ப்புக்கு ஆதாரமாவதுபோல, எந்தச் சாதனம், எந்த மேக் முகவரி, எந்த ஐ.பி. முகவரி, பொருத்தியவர் யார், எந்நாள் என்பவற்றைக் குறித்துவைத்த ஒரு நோட்டு, விலையுயர்ந்த உபகரணங்கள் செய்யாத உதவியைச் செய்யும். 128 பிட் உடைய ஆறாம் பதிப்பு முகவரிமுறையில், இரட்டிப்பைத் தேடிப்பார்க்கும் சோதனை வரையறையின் அங்கமாகவே இடம்பெற்றுள்ளது. எனினும் அலுவலகங்களின் உள்வழக்கில் நான்காம் பதிப்பே இன்னும் பெரும்பான்மையாதலின், அந்நோட்டைத் தொடங்குவதும் ஒவ்வொரு மாற்றத்தையும் அன்றன்றே அதில் எழுதுவதும், சர்வரைத் தம் பொறுப்பில் வைத்திருக்கும் ஒவ்வொருவரது கடமையாகும்.