திட்டு வந்த வழி: பன்னாடை முதல் புறம்போக்கு வரை

நம்ம ஊர்ப் பக்கம் திட்டு இல்லாம ஒரு வேலையும் ஓடாது. மடை உடைஞ்சாலும் திட்டு, மாடு வரப்பு தாண்டினாலும் திட்டு. மாட்டுக்கும் மச்சானுக்கும் ஒரே வார்த்தைதான். ஆனா அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு கேட்டா பாதிப் பேரு முழிப்போம்.

பன்னாடையை எடுத்துக்குங்க. தென்னை, பனை மட்டையோட அடியில வலை மாதிரி சுத்தியிருக்குமே, அதான் பன்னாடை. கள்ளு, நெய் எல்லாம் அதுலதான் வடிகட்டுவாங்க. நல்லது கீழ இறங்கிடும், ஈயும் எறும்பும் சக்கையும் மேல தங்கிடும். பவணந்தி முனிவர் நன்னூல்ல கடைசி ரக மாணாக்கனுக்குச் சொன்ன உவமைகள்ல ஒண்ணு நெய்யரி. அதுவும் இதே சங்கதிதான். நல்லதை விட்டுட்டுக் கசடைப் பிடிச்சு வெச்சுக்கிறவன். ஆக, பன்னாடைன்னு திட்டுறது கொஞ்சம் படிச்ச திட்டு!

பேமானி நம்ம ஊர்ச் சொல் இல்ல. உருது வழியா வந்தது. ஈமான்னா நம்பிக்கை, நாணயம். அது இல்லாதவன் பேமானி.

மூதேவி கதை வேற. அவ ஒரு காலத்துல கும்பிட்ட சாமி. மூத்த தேவி, ஸ்ரீதேவிக்கு அக்கா. தவ்வைன்னும் பேரு. காக்கைக் கொடியும், பக்கத்துல மகன் மாந்தன், மகள் மாந்தியுமா உட்கார்ந்திருப்பா. காஞ்சி கைலாசநாதர் கோயில்லயும் திருப்பரங்குன்றம் குடைவரையிலயும் அவளுக்கு இடம் இருக்கு. ரெண்டும் 8ஆம் நூற்றாண்டு. ஆனா திருக்குறள்லயே அவ வறுமையோட அடையாளமாத்தான் வர்றா. பின்னாடி கும்பிடுறது நின்னுபோச்சு, திட்டு மட்டும் தங்கிடுச்சு. இன்னிக்குத் தூங்குமூஞ்சிப் பிள்ளைய எழுப்பத்தான் அவ பேரு.

இதையெல்லாம் சிரிச்சுக்கிட்டே சொல்லலாம். அடுத்ததுல சிரிப்பு வராது. கம்மனாட்டிங்கிறது கைம்பெண்டாட்டி திரிஞ்சு வந்தது. அறுதலின்னா தாலி அறுத்தவ. முண்டைன்னா தலை மழிக்கப்பட்டவ. மூணும் புருஷனைப் பறிகொடுத்த பொம்பளையக் குறிக்கிற சொல்தான். விதவை மறுமணச் சட்டம் 1856லயே வந்தாச்சு. மொட்டையடிக்கிற வழக்கமும் ஒழிஞ்சுது. வாய்ல மட்டும் அது ஒழியல. ஆம்பளையத் திட்டக்கூட விதவைய இழுக்குறோம். நாத்து நடுற இடத்துல, கணவன் இல்லாம ஒத்தை ஆளா பிள்ளைகளை வளர்க்குற அக்கா காதுபடவே இதைக் கத்துறோம்.

கடைசியா புறம்போக்கு. உருப்படாதவன், நாதியத்தவன்னு அர்த்தம் வெச்சிருக்கோம். வரி போட்டுச் சாகுபடி பண்ற நிலத்துக்குப் புறம்பா ஒதுக்கி வெச்சதுதான் புறம்போக்கு. ஏரி, குளம், வாய்க்கால், மேய்க்கால், மந்தைவெளி, வண்டிப்பாதை, சுடுகாடு எல்லாம் அதுல அடங்கும். அந்த ஏற்பாடு வெள்ளைக்காரன் காலத்துக்கு முந்தினது. ராஜராஜ சோழனோட தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுலயே ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடுன்னு இறையிலி நிலங்களைத் தனியாப் பிரிச்சு வெட்டியிருக்காங்க. அதாவது யாருக்கும் சொந்தமில்லாததுன்னு இல்ல, ஊருக்கே சொந்தமானதுன்னு அர்த்தம்.

ஒரு சொல் கேவலமாச்சுன்னா அந்தப் பொருளும் கேவலமாயிடும். புறம்போக்குதானேன்னு ஏரிக்குள்ள மனை போட்டாச்சு, மேய்க்காலுக்கு வேலி போட்டாச்சு. ஊர்ப் பொது நிலத்து ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லி 2011 ஜனவரியில ஜக்பால் சிங் வழக்குல உச்ச நீதிமன்றமே எல்லா மாநிலத்துக்கும் உத்தரவு போட்டுச்சு. இன்னும் ஆடு மாடு மேய இடம் தேடி ரோட்டோரம்தான் நிக்குது.

திட்டுறதை நிறுத்தச் சொல்லல, அது நடக்குற காரியமா? பன்னாடைய வெச்சுக்குவோம், பேமானியும் இருக்கட்டும். கம்மனாட்டி, அறுதலி, முண்டை மூணையும் விட்டுருவோம். புறம்போக்கை மட்டும் திட்டுலேர்ந்து மீட்டு, கிராமசபையில தலை நிமிர்ந்து சொல்லுவோம்: அந்தக் குளம் புறம்போக்கு, அதனால அது நம்மளுது.