எமுலேட்டர் வழிப் பிழைதிருத்தம்: எட்சாக் முதல் சக்தி வரை

ஒரு செயலிக்காக எழுதப்பட்ட மென்பொருளை, அச்செயலியைப் போலவே நடிக்கும் நிரலின் துணையோடு வேறொரு கணினியில் இயக்குவது எமுலேஷன் எனப்படும். கைக்கு எட்டாத, அரிய செயலிகளுக்கு மென்பொருள் கட்டுவோர் பிழை களைய இதையே பெரிதும் நம்பியுள்ளனர்.

1949இல் கேம்பிரிட்ஜில் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினியில் நிரல் தவறினால், இயந்திரத்தை நிறுத்தி அடியடியாக ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. அரிய கணினி நேரம் வீணானது. ஸ்டான்லி கில் 1951இல் வெளியிட்ட கட்டுரை வேறு வழி காட்டியது. பிழையுள்ள நிரலின் கட்டளைகளை மற்றொரு நிரல் ஒவ்வொன்றாக எடுத்து நிறைவேற்றி, நடந்ததை அச்சிட்டுத் தரும். 1975இல் பால் ஆலன், ஹார்வர்டின் பிடிபி-10 கணினியில் இன்டெல் 8080 போல நடிக்கும் நிரலை எழுதினார். ஆல்டேர் கணினியைக் கண்ணால் பார்க்காமலே அதற்கான பேசிக் மொழி அதில் எழுதிச் சோதிக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் இதற்குச் சிறந்த சான்று சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி செயலி. பேராசிரியர் வீ. காமகோடி முன்னின்ற இத்திட்டம் 2014இல் தொடங்கியது. பெர்க்லியில் 2010இல் உருவான ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த கட்டளைத் தொகுதியே இதன் அடிப்படை. சில்லு வார்க்கப்பட்டு வரும்வரை காத்திருந்தால் மென்பொருள் வேலை நகராது. வார்த்த பின் தெரியும் வடிவமைப்புப் பிழையைத் திருத்தவும் முடியாது. எனவே ஒரே சோதனை நிரலைச் சக்தியின் வடிவமைப்பிலும் ஸ்பைக் என்னும் மாதிரி நிரலிலும் ஓட்டி, ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னும் பதிவகங்களின் மதிப்பை ஒப்பிடுவர். இரண்டும் எங்கே பிரிகின்றனவோ அங்கே தேடல் தொடங்கும். 2018 ஜூலையில், இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் முறையில் வார்க்கப்பட்ட சக்தி சில்லில் லினக்ஸ் இயங்கியதாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் சண்டிகரில் 180 நானோமீட்டர் சில்லும் வெளிவந்தது.

ஃபேப்ரிஸ் பெலார்டு 2003இல் வெளியிட்ட கியூஎமு இன்று பரவலான எமுலேட்டர். 2018 ஏப்ரலில் வந்த 2.12 பதிப்பில் ரிஸ்க்-ஃபைவ் சேர்ந்தது. செயலி மாறும்போது வெளிப்படும் பிழைகள் பெரும்பாலும் சிறியவை. சி மொழியின் 'சார்' வகை, வழக்கமான மேசைக்கணினிகளில் எதிர்ம எண்ணையும் ஏற்கும், ரிஸ்க்-ஃபைவில் ஏற்காது. கோப்பின் முடிவைக் குறிக்கும் -1 என்ற மதிப்பை அதில் வாங்கினால் அது 255 ஆகிவிடும், நிரல் நிற்காமல் சுழலும். தமிழ் நிரலர்கள் இதை மறுபக்கமாகவும் சந்திப்பார்கள்: யூடிஎஃப்-8இல் தமிழ் எழுத்துகளின் எல்லா பைட்டுகளும் 127க்கு மேற்பட்டவை, ஆகவே மேசைக்கணினியில் அவை எதிர்ம எண்களாகிவிடும். கியூஎமுவோடு ஜிடிபி கருவியை இணைத்தால், சுழலும் நிரலை நடுவில் நிறுத்தி அந்த மதிப்பை நேரே பார்க்கலாம்.

எமுலேட்டர் காட்டாத பிழைகளும் உண்டு. பல கருக்கள் ஒரே நினைவகத்தில் எழுதும் வரிசை இன்டெல் செயலிகளில் கண்டிப்பானது, ரிஸ்க்-ஃபைவில் தளர்வானது. இன்டெல் கணினியில் ஓடும் கியூஎமு அத்தளர்வை முழுமையாகக் காட்டாததால், அங்கே தேறிய நிரல் மெய்யான பலகையில் சறுக்கலாம்.