பேற்றறையின் வலியும் தில்லியின் சட்டமும்

அறுவைப் பிரசவம் முடிந்த தாய்க்குப் பாராசிட்டமாலையும் டைக்லோஃபெனாக்கையும் சேர்த்துத் தருவது இன்று தில்லி மருத்துவமனைகளில் இயல்பான வழக்கம். இந்த எளிய இணைப்புக்குப் பின்னே இரண்டு வரலாறுகள் உள்ளன. ஒன்று அறிவியலுடையது, மற்றொன்று சட்டத்துடையது.

தாயின் வலியைத் தணிப்பது முறைதானா என்ற வழக்கு 1847இல் எடின்பரோவில் எழுந்தது. ஜேம்ஸ் யங் சிம்ப்சன் பிரசவத்தில் குளோரோஃபார்மைப் பயன்படுத்தியபோது, வேதனையோடு பிள்ளை பெறுவதே பெண்ணுக்கு விதிக்கப்பட்டது என விவிலியத்தைக் காட்டி மறுத்தோர் உண்டு. 1853இல் விக்டோரியா அரசியே ஜான் ஸ்னோவிடம் குளோரோஃபார்ம் பெற்றுக் குழந்தை ஈன்ற பிறகு அம்மறுப்பு வலுவிழந்தது. ஆனால், 'தாயென்றால் பொறுத்துக்கொள்ள வேண்டும்' என்ற மனப்பாங்கு மறையவில்லை.

அறுவைக்குப் பிந்தைய வலி ஒரே ஊற்றிலிருந்து பெருகுவதன்று. தைத்த காயம் ஒருபுறம் வலிக்கும். சுருங்கும் கருப்பை மறுபுறம் வலிக்கும். குழந்தை பாலருந்தும்போது அச்சுருக்கம் இன்னும் கூடும். டைக்லோஃபெனாக் காயத்திலும் கருப்பையிலும் புரோஸ்டாகிளாண்டின் சுரப்பைத் தடுக்கிறது. பாராசிட்டமால் பெரும்பாலும் மூளையில் செயல்படுகிறது. மார்ஃபின் தண்டுவடத்திலும் மூளையிலும் வலிச் செய்தியை மறிக்கிறது. வழிகள் வேறானவை என்பதால், இவற்றைச் சேர்க்கும்போது ஒவ்வொன்றின் அளவையும் குறைக்கலாம், பக்கவிளைவுகளும் குறையும். டென்மார்க்கின் கேலெட், டால் ஆகிய இருவரும் 1993இல் இக்கருத்தை ஒரு கோட்பாடாக முன்வைத்தனர். அதற்கு முன்பே, 1979இல், தண்டுவடத் திரவத்தில் செலுத்தும் மிகச் சிறிதளவு மார்ஃபின் நெடுநேரம் வலியடக்கும் எனக் கண்டறியப்பட்டிருந்தது. இன்று அறுவைப் பிரசவத்தில் 0.1 மில்லிகிராம் அளவே ஏறக்குறைய ஒரு நாள் பயன் தருகிறது. மூச்சைக் கண்காணிக்கும் செவிலியர் உடனிருப்பது மட்டும் இன்றியமையாதது.

சட்டத்தின் வரலாறு தில்லியில் தொடங்குகிறது. நாடாளுமன்றம் இயற்றிய போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்று பெரும்பாலான குற்றங்களுக்குக் குறைந்தபட்சத் தண்டனை பத்தாண்டுச் சிறை. மார்ஃபினை வைத்திருக்க ஒரு மருத்துவமனை வெவ்வேறு துறைகளிடமிருந்து நான்கைந்து உரிமங்கள் பெற வேண்டியிருந்தது. அச்சம் பரவியது, மருந்துக்கடைகள் ஒதுங்கின. பின்வந்த ஆண்டுகளில் நாட்டின் மார்ஃபின் பயன்பாடு முன்பிருந்ததில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே சரிந்தது. மருத்துவத்துக்கான அபினை உலகுக்கு ஏற்றுமதி செய்யும் நாட்டில், உத்தரப்பிரதேசத்தின் காஜிப்பூரில் 1820 முதல் அபின் ஆலை இயங்கிவரும் நாட்டில், சொந்த நோயாளிக்கு அம்மருந்து எட்டவில்லை. எம். ஆர். ராஜகோபால் போன்ற வலிநிவாரண மருத்துவர்களின் நெடும் முயற்சிக்குப் பின், 2014 பிப்ரவரியில் அதே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி உரிம முறையை எளிதாக்கியது. அப்போராட்டம் புற்றுநோயாளிகளின் பொருட்டு நடந்தது. பேற்றறை அதில் பேசப்படவே இல்லை.

ஆகவே, பிறநாடுகள் மார்ஃபினைக் குறைப்பதற்காகச் சேர்க்கை மருந்துகளைத் தேடின. இங்கோ மார்ஃபின் கிட்டாமையே அச்சேர்க்கையை நிலைபெறச் செய்ததில் பெரும்பங்கு வகித்தது என்பது என் வாதம். சென்றடைந்த இடம் ஏறத்தாழ ஒன்றே எனினும் வேறுபாடு சிறிதன்று. அங்கே இரு மருந்துகளுக்கும் அடங்காத வலிக்கு அடுத்த படி உண்டு. இங்கே பல தாய்மாருக்கு அப்படி இல்லை. சட்டம் திருந்திவிட்டது. இனித் திருந்த வேண்டியது, நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் குறிக்கும் தாளில் தாயின் வலியைக் குறிக்காமல் விடும் நம் வழக்கமே.