இரவு பத்து மணிச் சட்டம் பிறந்த கதை

எங்கள் சவளக்கடையில் கல்யாண வீட்டுக்கு சவுண்ட் சிஸ்டம் பேசப் போனாலும், கோயில் சடங்குக்கு ஸ்பீக்கர் கட்டப் போனாலும், பள்ளிவாசலில் இரவு பயானுக்கு நாள் குறித்தாலும் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: "பொலிஸ்ல பெர்மிட் எடுத்தாச்சா?" அதோடு ஒட்டியே வருவது, "பத்து மணியோட நிப்பாட்டிரணும்."

இந்தப் பத்து மணியைப் பாராளுமன்றம் விதித்தது என்று நினைப்பவர்கள் உண்டு. பாங்கை அடக்குவதற்காக யாரோ கொண்டுவந்தது என்று மனம் நொந்து சொல்பவர்களும் உண்டு. இரண்டும் சரியில்லை. அது நீதிமன்றத்தில் பிறந்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர்களே ஒரு பள்ளிவாசலின் நம்பிக்கையாளர்கள்தான்.

ஆனால் அதன் வேர் அதற்கும் முன்னால், கம்பளையில் இருக்கிறது. பிரித்தானியர் 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டத்திலேயே மேளம் அடிப்பதையும் ஊர்வல வாத்தியங்களையும் அனுமதிப் பத்திரத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். கம்பளையில் பௌத்தர்கள் வழிபடும் வலஹாகொட தேவாலயத்தின் எசல பெரஹரா ஊர்வலம், அம்பகமுவ வீதிப் பள்ளிவாசலைக் கடந்துதான் போக வேண்டும். அந்தப் பள்ளிவாசல் தமிழகக் கரையிலிருந்து வியாபாரத்துக்கு வந்து குடியேறிய முஸ்லிம்களுடையது. பள்ளிவாசலை நெருங்கும்போது மேளத்தை நிறுத்த வேண்டும் என்று 1912இல் அரசாங்க அதிபர் நிபந்தனை போட்டார். தேவாலயத் தரப்பு அதை ஏற்காமல் வழக்குக்குப் போனது. பௌத்த சமயச் சடங்குகளைக் காப்பதாக 1815 கண்டி ஒப்பந்தத்தில் கொடுத்த வாக்கை மீற முடியாது என்பது அவர்கள் வாதம். 1914 ஜூனில் கண்டி மாவட்ட நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்த்தது. 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதைப் புரட்டி, வீதி ஒழுங்கைக் காக்கும் சட்டமே மேலோங்கும் என்றது.

வழக்கு முடிந்தது, மனக்கசப்பு முடியவில்லை. அதே ஆண்டு மே 28ஆம் திகதி வெசாக் இரவில், கண்டியில் ஒரு பள்ளிவாசலைக் கடந்து போன பக்திப்பாடல் ஊர்வலத்தில் கலவரம் வெடித்தது. நாட்கணக்கில் அது தென்னிலங்கை எங்கும் பரவியது. அரசாங்கக் கணக்கின்படி 25 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள்; 4,075 கடைகள் சூறையாடப்பட்டன; 17 பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன. அடக்குவதற்குக் கொண்டுவந்த இராணுவச் சட்டத்தில் சிங்களவர் பலரும் சுடப்பட்டு மாண்டார்கள். யுத்தகால விலைவாசி, கடன், வியாபாரப் போட்டி என்று அந்தக் கலவரத்துக்கு ஆழமான காரணங்கள் பல இருந்தன. மேளச் சத்தம் மட்டும் இத்தனையும் செய்யாது. ஆனாலும் ஒரு வீதியில் எவ்வளவு சத்தம், எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்பதை அயலவர்கள் தங்களுக்குள் பேசித் தீர்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை இந்த நாடு அந்த ஆண்டே பார்த்துவிட்டது.

அதே 1915இன் டிசம்பரில், உலகின் மறுபக்கம் சான் பிரான்சிஸ்கோவில், ஜென்சன், பிரிதாம் என்ற இரு பொறியியலாளர்கள் நத்தாருக்கு முதல் நாள் மாலை நகர மண்டபத்தின் முன் கூடிய பெருங்கூட்டத்துக்குத் தங்கள் புதுக்கருவியால் இசையும் பேச்சும் கேட்கச் செய்தார்கள். ஒலிபெருக்கி உலகுக்குள் நுழைந்த நாட்களில் அது முக்கியமானது. 1936இல் சிங்கப்பூர் சுல்தான் பள்ளிவாசலில் பாங்குக்கு ஒலிபெருக்கி வந்துவிட்டது. அதுவரை முஅத்தினின் தொண்டை எட்டிய தூரம்தான் பாங்கின் தூரம். நோன்பு காலத்தில் ஸஹருக்கு எழுப்பிய பாவாவின் றபான் ஓசை தெருவுக்குத் தெரு நகர்ந்து போகும். ஒரு வீட்டு வாசலில் தங்கி நிற்காது. அந்த ஓசைகளுக்கெல்லாம் மனித உடம்பே எல்லை போட்டது. கருவி வந்ததும் அந்த எல்லை போய்விட்டது. அதற்கு ஈடாக மனிதர்களே ஓர் எல்லை போட வேண்டியிருந்தது. பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 80ஆம் பிரிவு பின்னாளில் ஒலிபெருக்கிக்கும் அனுமதிப் பத்திரம் கேட்டது அதற்காகத்தான். ஆனால் பத்திரத்தைக் கொடுப்பதா, எத்தனை மணி வரை கொடுப்பதா என்பதெல்லாம் பெரும்பாலும் பொலிஸ் அதிகாரியின் கையில் இருந்தது.

2005இல் வெலிகம கபுவத்த முஹியத்தீன் ஜும்ஆப் பள்ளிவாசலின் நம்பிக்கையாளர்கள் உயர் நீதிமன்றம் போனது அந்த நிலைமையில்தான். ஒலிபெருக்கி அனுமதியில் பொலிஸார் தங்களைச் சமமாக நடத்தவில்லை, அடிப்படை உரிமை மீறப்பட்டது என்பது மனு. ஓர் ஊருக்குள், ஒரு பொலிஸ் நிலையத்தோடு முடிந்திருக்கக்கூடிய பிணக்கு அது. பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான ஆயம் அதை நாட்டுக்கே உரிய கேள்வியாக விரித்துப் பார்த்தது. மக்களின் இறைமை இனத்தாலும் மதத்தாலும் மொழியாலும் பிரிக்க முடியாதது. ஆகவே எந்த மதத்தின் பெயராலும் அயலவர் மீது சத்தத்தைத் திணிக்க உரிமையில்லை என்பதே அந்தத் தீர்ப்பின் போக்கு. விகாரைக்கும் கோயிலுக்கும் கிறிஸ்தவ தேவாலயத்துக்கும் பள்ளிவாசலுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் ஒரே அளவுகோல்.

2007 நவம்பரில் வந்த பணிப்புரைகளில் ஊர் நினைவில் தங்கியது ஒன்றுதான்: இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது. பகலிலும் குறிப்பிட்ட தேவைக்கு, குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும், சத்தம் அந்த வளவைத் தாண்டாதபடி கொடுக்க வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. இதைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. அதைவிட முக்கியமான வரி இன்னொன்று. விசேட சமய நிகழ்வுக்காகவோ வேறு விசேட நிகழ்வுக்காகவோ இரவில் அனுமதி கொடுப்பதென்றால், முதலில் அயலில் குடியிருப்பவர்களின் கருத்தைக் கேட்டறிய வேண்டும். கேட்டதைப் பதிவில் வைக்க வேண்டும். அனுமதி கொடுத்ததை நீதிவானுக்கு அறிவிக்க வேண்டும்.

இந்த வரிதான் அந்தத் தீர்ப்பின் உயிர் என்று நான் நினைக்கிறேன். பத்திரத்தில் கையெழுத்து வைப்பவர் பொலிஸ் அதிகாரி. ஆனால் அதற்கு முன் பேச உரிமை பெற்றவர் பக்கத்து வீட்டுக்காரர். கம்பளையில் 1912இல் விடுபட்டுப்போனது இதுவே. அன்று அரசாங்க அதிபர் நிபந்தனை போட்டார், தேவாலயத் தரப்பு நீதிமன்றம் போனது.

இந்தத் தீர்ப்புக்கு முன்பே, 1996 மே மாத வர்த்தமானியில், தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் இன்னொரு விதியும் பிறந்திருந்தது. அதன் அளவுகோல் டெசிபல். பிரதேச சபைப் பகுதி என்றால், சத்தம் எழும் காணியின் எல்லையில் பகலில் 55, இரவில் 45. மாநகர சபை, நகர சபைப் பகுதி என்றால் 63, 50. ஆஸ்பத்திரி, நீதிமன்றம், பாடசாலை, பொது நூலகம், புனித இடங்கள் இவற்றைச் சுற்றி 100 மீற்றர் அமைதி வலயம். அங்கே 50, 45. சவளக்கடை நாவிதன்வெளி பிரதேச சபைக்குள் வருகிறது. கிட்டங்கி ஆற்றைக் கடந்து கல்முனைக்குப் போனால் மாநகர சபை. ஆக, ஆற்றுக்கு இந்தப் பக்கம் 55 என்பது அந்தப் பக்கம் 63 ஆகிவிடுகிறது. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு என்பதால் இந்த எட்டு சின்ன வித்தியாசம் அல்ல. வர்த்தமானியின் இரவு மாலை 6 மணிக்கே தொடங்கிவிடுகிறது. நீதிமன்றத்தின் இரவு 10 மணிக்கு. டெசிபலை அளக்கக் கருவியும் அதை இயக்கத் தெரிந்த அதிகாரியும் வேண்டும். அயலவரைக் கேட்பதற்கு நடந்து போனால் போதும்.

பக்கத்து நாட்டிலும் இதே பாதைதான். சென்னை மாதவரம் நெடுஞ்சாலையில் ஒரு கிறிஸ்தவ சபைக்கும் அயல் குடியிருப்பாளர் சங்கத்துக்கும் நடந்த வழக்கில், பிறர் அமைதியைக் கெடுத்துத் தொழுகை செய்யும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்த்தது. 2021இல் சவூதி அரேபிய இஸ்லாமிய விவகார அமைச்சே, வெளி ஒலிபெருக்கி பாங்குக்கும் இகாமத்துக்கும் மட்டும், அதுவும் முழு அளவில் மூன்றில் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது என்று பணித்தது. மக்கா, மதீனா உள்ள நாடு அது. ஒலிபெருக்கியைக் குறைக்கச் சொல்வது மார்க்கத்தைக் குறைக்கச் சொல்வதல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

சுபஹ் பாங்கு காலை 6 மணிக்கு முன்னால் வருவதைச் சுட்டிக்காட்டிப் பயப்படுபவர்களுக்கு ஒன்று சொல்வேன். தமிழரும் முஸ்லிம்களும் வேலிக்கு வேலி வாழும் எங்கள் பக்கத்தில் சில நிமிடப் பாங்கு யாருக்கும் பாரமாக இருந்ததில்லை. கண்ணகி அம்மன் சடங்கின் உடுக்கு ஓசையும் அப்படித்தான். பாரமாவது அதற்குப் பிறகு மணிக்கணக்கில் ஓடும் ஒலிப்பதிவு, நள்ளிரவு தாண்டியும் தெருவைப் பார்த்து நிற்கும் பொக்ஸ், கேட்பாரில்லாமல் வயலை நோக்கி அலறும் பேச்சு. இதைச் செய்வதில் எந்த மதத்தவரும் விதிவிலக்கல்ல. முறைப்பாடு செய்தால் மத விரோதி என்று பெயர் வந்துவிடுமோ என்று வாய்மூடிக் கிடக்கும் வீடுகளும் எல்லாப் பக்கத்திலும் இருக்கின்றன. அந்தப் பயம்தான் எனக்குச் சத்தத்தை விடக் கவலை தருகிறது.

ஆகவே அடுத்த சடங்குக்கோ கந்தூரிக்கோ கல்யாணத்துக்கோ பெர்மிட் எடுக்கப் போகும் நிர்வாகிகளே, பொலிஸ் நிலையத்துக்குப் போகுமுன் ஸ்பீக்கர் பார்த்து நிற்கப் போகும் திசையில் உள்ள வீடுகளுக்கு ஒருமுறை போய் வாருங்கள். உங்கள் மதத்து வீடு, மற்ற மதத்து வீடு என்று பிரிக்காமல் எல்லா வீட்டிலும் கேளுங்கள். கைக்குழந்தை இருக்கிறதா, படுக்கையில் நோயாளி இருக்கிறாரா, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கிறதா என்று கேட்டு, அவர்கள் சொல்லும் நேரத்தை எழுதிக்கொண்டு அதன் பிறகு விண்ணப்பத்தை நிரப்புங்கள்.