களத்துப் பாட்டும் கலையகச் சுவரும்

இசைத்தட்டிலோ ஒலிநாடாவிலோ ஒரு பாட்டைக் கேட்டு இன்புறும்போது, அவ்வின்பத்திற் பாடியவருக்குரிய பங்கு எவ்வளவு, பதிவு செய்தவருக்குரிய பங்கு எவ்வளவு என்னும் வினா எழுவது இயல்பு. நல்ல குரல் இருந்தாற் போதும், கருவி எதுவாயினும் ஆகுக என்பர் சிலர். கலையகமும் அதன் பொறிகளுமே இக்காலத்து இசையை ஆக்குகின்றன என்பர் வேறு சிலர். இவ்விரு கூற்றுகளையும் உரைத்துப் பார்ப்பதற்கு ஏற்ற உரைகல், வன்னிப் பெருநிலத்தின் நாட்டுப் பாடல்களாகும். சுவரும் கூரையும் இல்லாத வெளியிற் பிறந்து வளர்ந்த பாடல்கள் அவை.

முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா ஆகிய பகுதிகளை அடக்கிய வன்னி, குளங்களை நம்பி வாழும் கமக்காரரின் நாடு. ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில அதிகாரி வன்னி மாவட்டங்களைப் பற்றி எழுதிய கையேடு 1895இல் வெளிவந்தது. வன்னியின் காடு, குளம், வயல், மக்கள் வழக்கம் ஆகியவற்றை அந்நூல் விரித்துரைக்கிறது. ஆயினும் எந்த நூலிலும் அடங்காத செல்வம் ஒன்று அந்நிலத்தில் இருந்தது. அதுவே அதன் ஒலி.

அரிவி வெட்டும்போது ஒருவர் பாட, வரிசையில் நிற்போர் வாங்கிப் பாடுவர். சூடு மிதிக்கும் களத்தில், மாடுகளைச் சுற்றி வளைத்து நடத்துவோர் பொலிப் பாட்டுப் பாடுவர். பன்றியும் குருவியும் பயிரை அழிக்கும் துன்பத்தைப் பன்றிப் பள்ளும் குருவிப் பள்ளும் சொல்லும். யானையை அடக்கிய அரியாத்தையின் கதையோடு இணைந்தது வேலப்பணிக்கன் ஒப்பாரி. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கல் நிகழும் நாளிற் கடல்நீரில் விளக்கெரியும், பறை முழங்கும். அக்கண்ணகியின் கதையைத்தான் முல்லைத்தீவுக் கோவலன் கூத்து, அண்ணாவியாரின் மத்தளத்தோடும் பிற்பாட்டுக்காரரின் குரலோடும் இரவிரவாக ஆடிக் காட்டுகிறது.

இத்தகைய இசையைப் பொறியிற் பிடித்துவைக்க இயலும் என்னும் நிலை 1877இல் எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டதிலிருந்து தோன்றியது. தொடக்கத்தில் மின்சாரத்துக்கு அதில் இடமில்லை. பாடுவோர் ஒரு பெரிய புனலை நோக்கிப் பாட, அவ்வொலியின் அதிர்வு ஓர் ஊசியை அசைத்து மெழுகிலே கோடு கீறியது. ஆழ்ந்த நாதமும் மிக உயர்ந்த நாதமும் அக்கோட்டில் ஏறவில்லை. தோற்கருவிகள் பெரிதும் நலிந்து ஒலித்தன. ஆயினும் 1907, 1908ஆம் ஆண்டுகளில் இலங்கை வேடர்களிடையே ஆய்வு நடத்திய செலிக்மன், அவர்களுடைய பாடல்களை மெழுகு உருளைகளிற் பதிந்து சென்றார். 1911இல் வெளியான அவருடைய நூலில் ஸி. எஸ். மையர்ஸ் அவ்வுருளைகளைக் கேட்டு ஆராய்ந்து ஓர் இயல் எழுதியுள்ளார். அப்பாடல்களுட் சில இரண்டே சுரங்களுள் அடங்கியவை என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். கலையகம் இல்லை, இரைச்சலோ மிகுதி, எனினும் மெட்டு தப்பியது.

தமிழிசை உலகிலும் இதற்குச் சான்று உண்டு. 1933இல் மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் குரலையும், 1938இல் மறைந்த வீணை தனம்மாளின் விரலையும் இன்று நமக்குத் தருவன, ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடிய பழைய இசைத்தட்டுகள். அவற்றின் கரகரப்பைப் பொருட்படுத்தாது அறிஞர் இன்றும் செவி சாய்க்கின்றனர். ஆகவே, பதிவின் குறை பாட்டின் உயிரைப் போக்கிவிடுவதில்லை என்பது தெளிவு.

அப்படியாயின் கலையகத்துக்குப் பங்கே இல்லையோ எனின், அதுவும் பொருந்தாது. 1925ஆம் ஆண்டளவில் மின்சார ஒலிவாங்கி பதிவுக்கூடங்களிற் புகுந்தது. கொழும்பில் வானொலி ஒலிபரப்பு முறையாகத் தொடங்கியதும் அதே ஆண்டு டிசம்பரிலேயாம். ஒலிவாங்கியின் வரவால் பாடும் முறையே மாறியது. அமெரிக்காவிற் பிங் குரொஸ்பி முதலியோர், செவியருகே பேசுவதுபோல மெல்லப் பாடிப் புகழ்பெற்றனர். மண்டபத்தின் கடைசி வரிசை வரை குரலை வீச வேண்டிய தேவை அகன்றது. பொறியானது பாட்டைப் பதிவதோடு நில்லாமற் பாட்டின் இயல்பையும் மாற்ற வல்லது என்பதற்கு இது தக்க சான்று.

வன்னிப் பாடகர் கலையகத்துக்குள் வரும்போது நேர்வதும் இதுவே. திறந்த வெளியில், தூரம் இருமடங்காயின் ஒலியின் செறிவு நான்கில் ஒன்றாய்க் குறையும். எதிரொலித்து உதவச் சுவரும் இல்லை. ஆதலின் வயலின் இக்கரையிலிருந்து அக்கரைக்குக் கேட்குமாறு குரலை உயர்த்தி, எழுத்துகளை நீட்டி, மூச்சு முடியும் இடத்திற் சொல்லை நிறுத்திப் பாடுவது வழக்கமாயிற்று. அந்த நீட்சியே அப்பாட்டின் அழகு. அதே பாடகரை ஒலியடக்கிய அறையில் ஒலிவாங்கிக்கு ஒரு முழ தூரத்தில் நிறுத்தி, மெதுவாகப் பாடும்படி சொன்னால், நீட்சி குறைகிறது. வாங்கிப் பாடுவோர் இல்லாமையால் இடைவெளி வெறுமையாகிறது. அவ்வெறுமையை வயலினும் புல்லாங்குழலும் கொண்டு நிரப்பிவிட்டாற் கேட்பதற்கு இனிய ஒரு மெல்லிசைப் பாடல் கிடைக்கும். ஆனால் அது களத்துப் பாட்டாகாது.

கலையகம் தரும் நன்மையையும் மறைத்தல் கூடாது. கூத்துக் களரியில் மத்தளத்தின் முழக்கமும் கூட்டத்தின் ஆரவாரமும் சொற்களை விழுங்கிவிடும். சொல் விளங்காத கதைப்பாட்டு வெளியூராருக்குப் பயன் தராது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வானொலி நிலையங்களெங்கும் பரவிய காந்த ஒலிநாடா, நீண்ட நேரம் பதியவும், பிழையை வெட்டி ஒட்டவும் வழிசெய்தது. கருவியை ஊருக்கே எடுத்துச் செல்வதும் எளிதாயிற்று. மத்தளத்துக்கு எட்டவும் பாடுவோருக்குக் கிட்டவும் ஒலிவாங்கியை வைத்து, பிற்பாட்டையும் உடன் சேர்த்துக்கொண்டால், சொல்லும் விளங்கும். வெளியின் காற்றும் கேட்கும். எங்கே வைப்பது, எவ்வளவு எட்ட வைப்பது, எதை வெட்டாமல் விடுவது என்னும் இத்தெரிவுகளே ஒலிப்பதிவுக் கலையின் சாரம். விலையுயர்ந்த பொறி இருந்தும் இவ்வறிவு இல்லையேற் பயனில்லை.

இலங்கையில் நாட்டுப் பாடல்களைத் திரட்டும் முயற்சி 1960களில் ஊக்கம் பெற்றது. பேராசிரியர் சு. வித்தியானந்தனின் முயற்சியால் மட்டக்களப்பு, மன்னார் நாட்டுப் பாடல்கள் நூலுருப் பெற்றன. வன்னிப் பாடல்களும் பின்னர் அச்சேறின. அவ்வுழைப்பு போற்றத்தக்கது. ஆயினும் அச்சு, சொல்லைக் காக்கும்; மெட்டைக் காக்காது. உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்தபின், சூடு மிதிக்கும் மாடுகள் களத்தை விட்டு நீங்கின. அவற்றோடு பாட்டும் தன் வேலையை இழந்தது. நூலைப் பார்த்துப் படிக்க வல்லார் பலர் உளர். அதன் மெட்டிற் பாட வல்லாரோ முதியோர் சிலரே.

அதன்மேல் இயற்கையின் சீற்றமும் போரும் வந்தன. 1990களில் வன்னியில் மின்சாரம் இல்லை. மின்கலமும் எட்டாப் பொருளாயிற்று. மக்கள் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, அதன் தைனமோவில் எழுந்த மின்சாரத்தால் வானொலி கேட்டனர். சுழற்சி தளர்ந்தாற் பாட்டும் தளரும். அவ்வாறு கேட்டவர்கள் ஒலியின் தூய்மையை வேண்டியிருக்க முடியாது, பாட்டையே வேண்டினர். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது. 2009இற் போரின் இறுதியில் 2,50,000க்கு மேற்பட்ட மக்கள் வவுனியாப் பக்கத்து முகாம்களை அடைந்தனர். உயிரையன்றி வேறெதையும் பலரால் எடுத்துவர இயலவில்லை. வீடுகளோடு கூத்துக் கொப்பிகளும் ஒலிநாடாக்களும் மண்ணாயின.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்குங்கால், தொடக்கத்து வினாவுக்கு விடை வரிசைப்படுத்திச் சொல்லத்தக்கதாகிறது. முதலாவது, பாட வல்லார் உள்ளபோதே பதிதல். அது தவறின் எந்தக் கலையகமும் ஈடுசெய்யாது. இரண்டாவது, பாட்டுக்கு உரிய இடத்தையும் உடன் பாடுவோரையும் பிரிக்காமற் பதிதல். மூன்றாவதே கலையகத்தின் நுட்பம். இன்று கையடக்கமான கருவியிலேயே, முற்காலப் பெரும் நிலையங்களுக்கும் கிட்டாத தெளிவோடு ஒலியைப் பதியலாம். குளக்கட்டு மருத நிழலில் அதை வைத்து, ஒரு முதியவரைப் பாடச் செய்து, அவர் முடிக்கும்வரை குறுக்கிடாதிருத்தலே வேண்டற்பாலது. மெருகு பின்னரும் ஏற்றலாம். மறைந்த மெட்டை மீட்டல் அரிது.